கென்யாவில் கள ஆய்வுக்குப் போகிறீர்களா? அனுமதி முதல் இறுதி அறிக்கை வரை

கைபேசிப் பணம், கைபேசிக் கடன், விவசாயிகளுக்கான செயலிகள், ஏழைக் குடும்பங்களுக்கு நேரடிப் பண உதவி என்று பொருளாதார வளர்ச்சியும் தொழில்நுட்பமும் சேரும் இடத்தில் ஆய்வு செய்ய நினைப்பவர்கள் ஏதோ ஒரு கட்டத்தில் கென்யாவைத் தேடி வருகிறார்கள். சென்னையிலிருந்து வருகிறவர்கள் உண்டு. ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் பிஎச்.டி. செய்யும் நம்மவர்களும் உண்டு. மேற்குக் கென்யாவின் கிசுமு, சியாயா பகுதிகளில் சந்தை வியாபாரிகள் எம்-பெசா எனும் கைபேசிப் பணச் சேவையை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆய்வு செய்தபோது, பேட்டி எடுப்பதைவிட அதற்கான காகிதங்களைச் சேர்ப்பதற்கே நான் அதிகம் திண்டாடினேன். ஒவ்வொரு அலுவலகமும் தன் பங்கை மட்டும் சொல்லும். எதற்குப் பின் எது என்ற முழு வரிசையை ஒரே இடத்தில் யாரும் எழுதி வைத்திருக்கவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

களத்தில் இறங்க நினைக்கும் நாளுக்கு ஆறு மாதம் முன்பே வேலையைத் தொடங்குங்கள். கென்ய நிறுவனம் ஒன்று தரும் இணைப்புக் கடிதத்துக்கு ஒன்றரை மாதம், பங்கேற்பாளர்களுக்குத் தீங்கு வராதா என்று ஆய்வைச் சரிபார்க்கும் அறநெறிக் குழுவுக்கு இரண்டு மாதம், ஆய்வு உரிமத்துக்கு ஒரு மாதம், உள்ளூர் அலுவலகங்களுக்கு இரண்டு வாரம் என்று ஒதுக்குங்கள். இவை ஒன்று முடிந்தால்தான் அடுத்தது நகரும். இரண்டு மாதத்தில் முடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

1. உங்கள் கேள்விக்குப் புதிய சர்வே தேவையா என்று பாருங்கள்

கென்யாவில் பல விஷயங்களுக்குத் தரவு ஏற்கெனவே இருக்கிறது. கென்ய மத்திய வங்கி, தேசியப் புள்ளியியல் நிறுவனம், நிதிச் சேவை வளர்ச்சிக்கான எஃப்.எஸ்.டி. கென்யா அமைப்பு மூன்றும் சேர்ந்து நடத்தும் ஃபின்ஆக்சஸ் குடும்ப சர்வே 2006-இல் தொடங்கியது. யார் வங்கியில் சேமிக்கிறார்கள், யார் கைபேசியில் கடன் வாங்குகிறார்கள், யார் ஊர்ச் சீட்டுக் குழுவை நம்புகிறார்கள் என்பதெல்லாம் அதில் கிடைக்கும். புள்ளியியல் நிறுவனத்தின் தரவுத் தளத்தில் பதிவு செய்து, எதற்கு வேண்டும் என்று எழுதினால் பல தொகுப்புகளைக் கட்டணமின்றித் தருவார்கள்.

இன்னொன்றையும் யோசியுங்கள். எம்-பெசா வந்ததால் 1,94,000 குடும்பங்கள், அதாவது நாட்டின் குடும்பங்களில் 2 சதவீதம், கடும் வறுமையிலிருந்து மீண்டன என்று 2016-இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு கணக்கிட்டது. உங்கள் முன்மொழிவைப் படிக்கும் எவரும் அதைப் படித்திருப்பார்கள். அதைத் தாண்டி நீங்கள் கேட்பது என்ன என்று ஒரு பத்தியில் எழுத முடியவில்லை என்றால் இன்னும் புறப்படும் நேரம் வரவில்லை.

எம்-பெசாவை நடத்தும் சஃபாரிகாம் நிறுவனத்தின் பரிவர்த்தனைத் தரவு கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையில் ஆய்வேட்டைக் கட்டாதீர்கள். கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டாலும் ஆய்வு நிற்கும்படி வடிவமையுங்கள்.

பூசியா, சியாயா போன்ற கவுன்டிகளில் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவுகள்) இருபது முப்பது ஆண்டுகளாகப் பெரிய பெரிய ஆய்வுகள் நடந்திருக்கின்றன. பள்ளிக் குழந்தைகளுக்குக் குடற்புழு மருந்து கொடுத்த புகழ்பெற்ற சோதனை பூசியாவில் நடந்தது; ஏழைகளுக்கு நேரடியாகப் பணம் தரும் கிவ்டைரக்ட்லி அமைப்பின் உதவி சியாயாவில் அளக்கப்பட்டது. அங்கே சில ஊர்களில் மக்கள் கேள்வித்தாளைப் பார்த்தே களைத்துப் போயிருக்கிறார்கள். உங்கள் கேள்விக்கு வேறு கவுன்டியும் பொருந்தும் என்றால் அங்கே போங்கள். மொத்தம் 47 இருக்கின்றன.

2. கென்யாவில் ஒரு இணைப்பு நிறுவனத்தைப் பிடியுங்கள்

எல்லாவற்றுக்கும் சாவி இதுதான். வெளிநாட்டவர் எவரும் கென்ய நிறுவனம் ஒன்றின் இணைப்பு இல்லாமல் ஆய்வு உரிமம் வாங்க முடியாது. நைரோபி பல்கலைக்கழகம், ஸ்ட்ராத்மோர், மேற்குப் பகுதியில் மசேனோ என்று பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. பிரிட்டிஷ் இன்ஸ்டிடியூட் இன் ஈஸ்டர்ன் ஆப்பிரிக்கா போன்ற ஆய்வு நிறுவனங்களும் வெளிநாட்டு ஆய்வாளர்களுக்கு இணைப்புத் தருகின்றன. எங்கே போவது என்பதை நிறுவனத்தின் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் தலைப்பில் உண்மையிலேயே வேலை செய்கிற ஒரு பேராசிரியர் அங்கே இருக்கிறாரா என்று பாருங்கள். அவருடைய இரண்டு கட்டுரைகளையாவது படித்துவிட்டு எழுதுங்கள்.

முதல் மின்னஞ்சல் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். யார் நீங்கள், என்ன கேள்வி, எந்தக் கவுன்டி, எந்த மாதங்கள், யார் பணம் தருகிறார்கள், அவரிடம் என்ன எதிர்பார்க்கிறீர்கள், பதிலுக்கு நீங்கள் என்ன செய்வீர்கள் என்பதைச் சொன்னால் போதும். கடைசி அம்சத்தைப் பெரும்பாலானோர் எழுதுவதே இல்லை. அங்கே ஒரு கருத்தரங்கில் பேசலாம், முதுகலை மாணவர் ஒருவரைக் களத்தில் பயிற்றலாம், தரவைப் பகிர்ந்து சேர்ந்து கட்டுரை எழுதலாம். கென்யப் பேராசிரியரின் பெயரைக் கடிதத்துக்கு மட்டும் பயன்படுத்திவிட்டு, கட்டுரையில் நன்றியுரையோடு நிறுத்திக்கொள்கிற வழக்கம் வெளிநாட்டு ஆய்வாளர்களிடம் நெடுங்காலமாக இருக்கிறது. அது அங்குள்ளவர்களுக்கு நன்றாகவே தெரியும். அது நியாயமும் இல்லை.

சம்மதம் கிடைத்ததும் இணைப்புக் கட்டணம் எவ்வளவு, ஒரு தடவையா மாதாமாதமா, அதில் நூலகம், மேசை எல்லாம் அடங்குமா என்று எழுத்தில் கேளுங்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் பெரிய வித்தியாசம் உண்டு. சில இடங்களில் கட்டணமே இல்லை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பேராசிரியர் சரி என்று சொல்வது வேறு, நிறுவனம் கடிதம் தருவது வேறு. என் விஷயத்தில் மின்னஞ்சலில் உடனே சம்மதம் வந்தது. ஆனால் கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரி விடுப்பில் போக, அவருக்குப் பதில் யார் போடுவது என்று அந்த அலுவலகத்தில் முடிவாகாமல் வாரக்கணக்கில் கிடந்தது. அதனால் யார் கையெழுத்திடுவார், அவர் எப்போது இருப்பார் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். கடிதம் நிறுவனத்தின் தலைப்புத் தாளில், தேதி, முத்திரையோடு இருக்க வேண்டும். உங்கள் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். நமக்கு இது தனிச் சிக்கல்: ஒரே எழுத்து இனிஷியல், அப்பா பெயர் குடும்பப் பெயரின் இடத்தில் என்று ஒவ்வொரு காகிதத்திலும் ஒவ்வொரு மாதிரி வந்துவிடும். பாஸ்போர்ட்டின் முதல் பக்க நகலை அனுப்பி, "இதில் உள்ளபடி எழுதுங்கள்" என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

3. அறநெறிக் குழுவின் ஒப்புதல்

இரண்டு ஒப்புதல் வேண்டும்: நீங்கள் படிக்கும் பல்கலைக்கழகக் குழுவுடையது ஒன்று, கென்யாவில் அங்கீகாரம் பெற்ற குழுவுடையது ஒன்று. சொந்தப் பல்கலைக்கழக ஒப்புதலே போதும் என்று நினைத்துப் பலர் வந்து மாட்டிக்கொள்கிறார்கள். கென்யக் குழு, அங்கே உரிமம் வழங்கும் ஆணையத்தின் அங்கீகாரப் பட்டியலில் இருக்க வேண்டும். உங்கள் இணைப்பு நிறுவனத்திலேயே அப்படி ஒரு குழு இருந்தால் அங்கேயே விண்ணப்பியுங்கள், அலைச்சல் குறையும்.

தேவையானவை: முழு முன்மொழிவு, கேள்வித்தாள், பங்கேற்பாளருக்கான தகவல் தாள், ஒப்புதல் படிவம், ஆய்வாளர்களின் சுயவிவரம், செலவுத் திட்டம், கால அட்டவணை, இணைப்புக் கடிதம், கட்டணம் செலுத்திய ரசீது. வெளிநாட்டவருக்கான கட்டணம் கென்ய மாணவர் கட்டும் தொகையைவிடக் கூடுதல்.

ஒப்புதல் படிவத்தை மக்கள் பேசும் மொழியில் தர வேண்டும். கிசுமு, சியாயா என்றால் சுவாஹிலி மட்டும் போதாது, லுவோ மொழியிலும் வேண்டும். ஒருவர் மொழிபெயர்க்கட்டும், மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுவரட்டும். இரண்டையும் ஒப்பிட்டால் எங்கே பொருள் நழுவியது என்று தெரியும். இருவருக்கும் கூலி கொடுக்க வேண்டும், அதைச் செலவுத் திட்டத்தில் சேருங்கள்.

குழு பெரும்பாலும் திருத்தம் கேட்டுத்தான் திருப்பி அனுப்பும். பதறாதீர்கள். ஒவ்வொரு கேள்விக்கும் என்ன மாற்றினீர்கள், எந்தப் பக்கத்தில் என்று அட்டவணையாகப் பதில் எழுதுங்கள். படிவங்களின் அடியில் பதிப்பு எண்ணும் தேதியும் போடுங்கள். ஒரு குழு கேட்ட மாற்றத்தை மற்றக் குழுவுக்கும் தெரிவிக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு ஒப்புதல்கள் இரண்டு வெவ்வேறு படிவங்களுக்கு என்று ஆகிவிடும்.

4. நாகோஸ்டி ஆய்வு உரிமம்

2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கென்யாவில் ஆய்வு செய்ய தேசிய அறிவியல், தொழில்நுட்ப, புத்தாக்க ஆணையத்தின் உரிமம் கட்டாயம். எல்லோரும் நாகோஸ்டி என்றுதான் சொல்கிறார்கள். அலுவலகம் நைரோபியில் வையாக்கி சாலை அருகே அப்பர் கபேட்டேயில் இருக்கிறது. விண்ணப்பம் முழுக்க இணையப் போர்ட்டலில்தான், நேரில் போக வேண்டியதில்லை.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: பாஸ்போர்ட் நகல், புகைப்படம், உங்கள் பல்கலைக்கழகத்தின் அறிமுகக் கடிதம், கென்ய இணைப்புக் கடிதம், அறநெறி ஒப்புதல், முன்மொழிவு. எல்லாவற்றையும் தனித்தனி பி.டி.எஃப். ஆக, படிக்கும்படி ஸ்கேன் செய்யுங்கள். கைபேசியில் சாய்வாக எடுத்த படங்கள் வேண்டாம். கட்டணம் உங்கள் நாட்டையும் படிப்பு நிலையையும் பொறுத்தது. கென்யர்களுக்கு மிகக் குறைவு, மற்ற ஆப்பிரிக்க நாட்டவருக்கு அதைவிடக் கூடுதல், நமக்கு அதைவிடவும் கூடுதல். விண்ணப்பிக்கும் அன்று போர்ட்டலில் உள்ள தொகையை மட்டுமே நம்புங்கள். பழைய மாணவர் சொல்லும் தொகை மாறியிருக்கும்.

கவனிக்க வேண்டிய நான்கு விஷயங்கள்:

தலைப்பு எல்லாக் காகிதங்களிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். அறநெறி ஒப்புதலில் "சிறு வியாபாரிகள்", விண்ணப்பத்தில் "முறைசாரா வியாபாரிகள்" என்று இருந்தால் விளக்கம் கேட்பார்கள். அதில் வாரங்கள் போகும்.

உரிமம் நீங்கள் குறிப்பிட்ட இடங்களுக்கு மட்டும்தான். போகக்கூடும் என்று தோன்றும் கவுன்டி எல்லாவற்றையும் அறநெறி விண்ணப்பத்திலேயே சேர்த்து, இங்கேயும் அப்படியே எழுதுங்கள்.

பொதுவாக ஓராண்டுக்குத்தான் தருவார்கள். ரொம்ப முன்னதாக வாங்கினால் களத்தில் இறங்கும்போது பாதிக்காலம் போயிருக்கும்.

வந்ததும் பின்பக்க நிபந்தனைகளைப் படியுங்கள். யாரும் படிப்பதில்லை, ஆனால் அடுத்து செய்ய வேண்டியது எல்லாம் அங்கேதான் இருக்கிறது. உரிமத்தை வேறொருவருக்கு மாற்ற முடியாது. படப்பிடிப்புக்கும் மாதிரிகள் சேகரிப்பதற்கும் தனி அனுமதி வேண்டும். வேலையைத் தொடங்கும் முன் கவுன்டி அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். முடித்த ஓராண்டுக்குள் இறுதி அறிக்கை தர வேண்டும்.

5. பயண அனுமதி, தடுப்பூசி, நாள் பார்த்தல்

2024 ஜனவரி முதல் விசாவுக்குப் பதில் இ.டி.ஏ. எனும் மின்னணுப் பயண அனுமதி. கட்டணம் 30 டாலருக்குச் சற்று மேலே வரும். அரசின் தளத்தில் மட்டும் விண்ணப்பியுங்கள். தேடினால் முதலில் வரும் தளங்களில் பல, இரண்டு மூன்று மடங்கு வாங்கும் இடைத்தரகர்களுடையவை. பயண நோக்கம் என்ற இடத்தில் சுற்றுலா என்று போட்டுவிட்டுக் கேள்வித்தாளோடு ஊருக்குள் போகாதீர்கள். நீண்ட காலம் தங்குவதற்கு எந்த பாஸ் (தங்கும் அனுமதி) வேண்டும், அதற்கு யார் விண்ணப்பிக்க வேண்டும் என்பதை இணைப்பு நிறுவனத்தின் வெளிநாட்டு மாணவர் பிரிவிடம் கேளுங்கள். 90 நாளுக்கு மேல் தங்கினால் வெளிநாட்டவராகப் பதிவு செய்து அட்டை வாங்க வேண்டும்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை மறக்காதீர்கள். கென்யாவில் இருந்துவிட்டு இந்தியா திரும்பும்போது சான்றிதழ் இல்லாவிட்டால் தனிமைப்படுத்தி வைப்பார்கள். இலங்கைக்குத் திரும்புகிறவர்களுக்கும் சான்றிதழ் வேண்டும். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் அது செல்லும், அதன்பின் ஆயுளுக்கும் போதும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். எந்தக் கிழமை, எத்தனை பேருக்கு என்று முன்கூட்டியே விசாரித்துப் போங்கள்.

டிக்கெட் எடுக்கும் முன் நாள்காட்டியைப் பாருங்கள். மார்ச் முதல் மே வரை பெருமழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை சிறுமழை. மண் சாலை கரைந்தால் போடா போடா எனும் இருசக்கர வாடகை வண்டிகூடப் போகாது. மேற்கில் ஜூலை, ஆகஸ்டில் மக்காச்சோள அறுவடை; மக்கள் பகலில் வீட்டில் இருக்க மாட்டார்கள், ஆனால் சந்தையில் பணம் புழங்கும். சந்தை வியாபாரிகளைப் பற்றிய ஆய்வுக்கு அது நல்ல காலம். பட்ஜெட், வரி மசோதா எல்லாம் ஜூனில் வருகின்றன. 2024, 2025 இரண்டு ஆண்டுகளிலும் ஜூன் மாதம் நகரங்களில் பெரும் போராட்டங்கள் நடந்தன. அடுத்த பொதுத் தேர்தல் 2027 ஆகஸ்ட் 10. அந்த மாதத்துக்கும் அதன் முன்பின் சில வாரங்களுக்கும் சர்வே வைக்கவே வேண்டாம். பெயர், தொலைபேசி எண் கேட்டு வருகிறவரை எந்தக் கட்சி அனுப்பியது என்றுதான் பார்ப்பார்கள்.

6. கவுன்டியில் முத்திரை வாங்குங்கள்

கியூஆர் கோடு போட்ட உரிமம் கையில் இருக்கிறதே என்று நேராக ஊருக்குள் போகக் கூடாது. முதலில் கவுன்டி கமிஷனர் அலுவலகம், பிறகு கவுன்டி கல்வி இயக்குநர் அலுவலகம், கவுன்டி அரசு அலுவலகம். உரிமத்தின் நகலில் முத்திரை போடுவார்கள் அல்லது தனிக் கடிதம் தருவார்கள். அதைக் கொண்டு துணைக் கவுன்டி, அங்கிருந்து சீஃப், உதவி சீஃப், ஊர்ப் பெரியவர் என்று இறங்க வேண்டும். நம் ஊரில் கலெக்டர் ஆபீஸிலிருந்து தாலுகா ஆபீஸ், வி.ஏ.ஓ. என்று இறங்குவதைப் போல.

காலை எட்டரைக்குப் போய்விடுங்கள். உரிமத்தின் நகல்கள் குறைந்தது பத்து கைவசம் இருக்கட்டும், ஒவ்வொரு மேசையும் ஒன்றை வைத்துக்கொள்ளும். முத்திரைக்குக் கட்டணம் என்று யாராவது கேட்டால் பணிவாக ரசீது கேளுங்கள். உங்களோடு உள்ளூர் ஆய்வு உதவியாளர் ஒருவர் வருவது பெரிய பலம். சீஃபை ஒரு தடவை பார்த்துவிட்டு அடுத்த நாளே வேலையைத் தொடங்காமல், அவர் கூட்டும் பராசா எனும் ஊர்க்கூட்டத்தில் நீங்களே எழுந்து நின்று சொல்லுங்கள்: நான் யார், என்ன கேட்கப் போகிறேன், எதைக் கேட்க மாட்டேன்.

அந்த மூன்றாவது மிக முக்கியம். கைபேசிக் கடன் செயலிகளிடமும் தொலைபேசி மோசடிக்காரர்களிடமும் பட்ட அனுபவம் அங்கே எல்லா வீட்டிலும் இருக்கிறது. போதாததற்கு நம் முகத்தைப் பார்த்தால் கடை முதலாளி அல்லது கடன் கொடுக்க வந்தவர் என்று எண்ணுவார்கள், ஏனென்றால் இந்திய வம்சாவளியினர் அங்கே தலைமுறைகளாக வணிகம் செய்கிறார்கள். "பின் நம்பர் கேட்க மாட்டேன், அடையாள அட்டை எண் கேட்க மாட்டேன், உங்கள் கைபேசியைக் கையில் வாங்க மாட்டேன், கடன் தர மாட்டேன்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள். சொன்னபடி நடங்கள். பரிவர்த்தனைக் குறுஞ்செய்திகள் வேண்டுமென்றால், அவரே தன் திரையைப் பார்த்துத் தொகையை மட்டும் வாசித்துச் சொல்லட்டும்.

7. பணம்: எதில் கொண்டுபோவது, எப்படிக் கொடுப்பது

டாலராகக் கொண்டுபோங்கள், புதிய பெரிய நோட்டுகளாக. பழைய நோட்டையும் சிறிய நோட்டையும் குறைந்த விலைக்கே மாற்றுவார்கள், அல்லது மாற்றவே மாட்டார்கள். இறங்கியதும் பாஸ்போர்ட்டைக் காட்டி சஃபாரிகாம் சிம் வாங்கி, அதே இடத்தில் எம்-பெசாவைப் பதிவு செய்யுங்கள். ஒரு பரிவர்த்தனைக்கு 2,50,000 ஷில்லிங், கணக்கில் 5,00,000 ஷில்லிங் வரை வைக்கலாம் என்பதால் ஒரு ஆய்வுக் குழுவின் செலவுக்குத் தாராளமாகப் போதும். நிதி தரும் பல்கலைக்கழகம் ரசீது கேட்கும், சந்தையிலோ வண்டியிலோ ரசீது கிடைக்காது. எம்-பெசா கணக்கு விவரத்தை மாதாமாதம் பி.டி.எஃப். ஆக எடுத்து வையுங்கள். அதை ஏற்றுக்கொள்வார்களா என்று புறப்படும் முன்பே கணக்குப் பிரிவிடம் எழுத்தில் வாங்குங்கள். உரிமம், அறநெறி, இணைப்பு ஆகியவற்றின் கட்டணங்களை நிதி விண்ணப்பத்தில் தனி வரியாகக் காட்டுங்கள். பிறகு சேர்க்க விட மாட்டார்கள்.

பங்கேற்பாளருக்கு அவர் செலவிட்ட நேரத்துக்காகச் சிறு தொகை கொடுப்பது வழக்கம். தொகை அறநெறி விண்ணப்பத்தில் எழுதியதாகவே இருக்க வேண்டும். இங்கே பலரும் கவனிக்காத ஒன்று: எம்-பெசாவில் பணம் அனுப்பினால் பெறுபவரின் பதிவுப் பெயர் உங்கள் குறுஞ்செய்தியில் வந்துவிடும், கணக்கு விவரத்திலும் தங்கிவிடும். "பெயரைச் சேகரிக்க மாட்டோம்" என்று படிவத்தில் வாக்குக் கொடுத்துவிட்டு, பங்கேற்ற எல்லோருடைய பெயரும் தேதியோடு வரிசையாக உங்கள் கைபேசியில் இருக்கும். அதே விவரத்தைத்தான் ரசீதுக்காகக் கணக்குப் பிரிவுக்கும் அனுப்புவீர்கள். இதற்கு வழி, பணத்துக்குப் பதில் அவர் எண்ணுக்கு ஏர்டைம், அதாவது பேசுவதற்கான ரீசார்ஜ், போட்டுவிடுவது. அதில் எண் மட்டும்தான் பதியும். அல்லது ரொக்கமாகக் கொடுத்து, குறியீட்டு எண்ணுக்கு எதிரே கைநாட்டோ கையெழுத்தோ வாங்கலாம்.

8. களப் பணியாளர்கள்

அந்தப் பகுதி மொழி பேசுபவர்களையே எடுங்கள், ஆனால் அதே கிராமத்தவர் வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரரிடம் யாரும் கடன் விவரம் சொல்ல மாட்டார்கள். கூலியைப் பேட்டிக் கணக்கில் கொடுக்காமல் நாள் கணக்கில் கொடுங்கள். இல்லாவிட்டால் மரத்தடியில் உட்கார்ந்து நிரப்பிய படிவங்கள் வரும். கைபேசியிலேயே கேள்வித்தாளை நிரப்ப உதவும் கோபோடூல்பாக்ஸ் போன்ற இலவசக் கருவியே பெரும்பாலான மாணவர் ஆய்வுகளுக்குப் போதும். எழுத்து ஒப்பந்தம் போடுங்கள், பயணக் காப்பீடு அவர்களுக்கும் எடுங்கள். வரிப் பிடித்தம் உண்டா என்று இணைப்பு நிறுவனத்தின் கணக்கரிடம் கேளுங்கள்.

9. தரவை எடுத்து வருவதும் அறிக்கை கொடுப்பதும்

கென்யாவில் 2019 முதல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நடப்பில் இருக்கிறது. பெயர், எண் போன்ற தனிநபர் விவரங்களை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக அதில் நிபந்தனைகள் உண்டு. தரவு எந்த நாட்டில், யாரிடம், எத்தனை ஆண்டு இருக்கும் என்பதை ஒப்புதல் படிவத்திலேயே எழுதுங்கள். பெயர்ப் பட்டியலைத் தனிக் கோப்பில் கடவுச்சொல்லோடு வைத்து, வேலை முடிந்ததும் அழியுங்கள்.

கடைசியாக நாகோஸ்டிக்கு அறிக்கை. ஒரு அச்சுப் பிரதியும் போர்ட்டலில் மின்பிரதியும் தர வேண்டும். ஆய்வேடு முடிய இன்னும் காலம் ஆகும் என்றால் முன்னேற்ற அறிக்கை கொடுத்து உரிமத்தைப் புதுப்பியுங்கள். சும்மா விட்டுவிட்டால் அடுத்த தடவை விண்ணப்பிக்கும்போது அது குறுக்கே நிற்கும், உங்களுக்கு இணைப்புத் தந்த பேராசிரியருக்கும் சங்கடம். கவுன்டி கமிஷனர், கல்வி இயக்குநர் அலுவலகங்களுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

ஊருக்கு ஆய்வேட்டை அனுப்பிப் பயனில்லை. என்ன கண்டோம் என்று இரண்டு பக்கத்தில், லுவோ மொழியிலும் சுவாஹிலியிலும், எழுதி சீஃப் வழியாகப் பராசாவில் வாசிக்கச் சொல்லுங்கள். களம் முடியும் முன்பே அதற்கான மொழிபெயர்ப்புக் கூலியையும் அச்சுச் செலவையும் ஆய்வு உதவியாளரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள். ஊர் திரும்பிய பின் நிதி ஆண்டு முடிந்துவிடும், அந்தத் தொகையை எந்தக் கணக்கிலும் எழுத முடியாது.